போர்டில் சிரிக்கும் அண்ணனும் உன் காய்ந்த பிரஷ்ஷும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் நண்டும் சிண்டும் எல்லோரும் சுகம். அண்ணனுடைய மேல்வரிசைப் பல் ஒன்று மட்டும் போன புதன்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பெரியவளும் சின்னவனும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லாததால் எழுதவில்லை. இந்தக் காலத்தில் எதற்கு அம்மா கடிதம், போன் இல்லையா என்று கேட்பாய். போனில் நான் உன் பல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், உடனே சின்னவன் அழுகிறான், இல்லாவிட்டால் அடுப்பில் பால் பொங்குகிறது, இரண்டும் இல்லாவிட்டால் சிக்னல் போய்விடுகிறது. உன் வீட்டுச் சிக்னல் என் வாயைப் பார்த்துத்தான் வரும் போகும் போலிருக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. மடித்து மேசை டிராயரில் போட்டாலும் மிச்சம் உள்ளேயே இருக்கும், என்றைக்குப் பிரித்தாலும் விட்ட இடத்திலிருந்து திட்டும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா பக்கத்தில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டே நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறார்.

போன வாரம் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. நம் வாயாடி, உன் பெரியவள், ஆறு வயதுக்கு அவளைப் போல் சமத்து உண்டா, இத்தனை நாள் ஒழுங்காகப் பல் தேய்த்துக்கொண்டவள் திடீரென்று ராத்திரி நீ பிரஷ்ஷோடு போனால் வாயைப் பூட்டிக்கொள்கிறாளாம், மாப்பிள்ளை போனால் திறக்கிறாளாம். எனக்கு மட்டும் ஏம்மா இப்படி, நான் என்ன பாவம் பண்ணினேன், நீயாவது அவளை நாலு வார்த்தை மிரட்டும்மா என்று அழாத குறையாகச் சொன்னாய். சரி, மிரட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மிரட்டத்தான் இந்தக் கடிதம். யாரை என்பது போகப் போகத் தெரியும்.

முதலில், அதற்குச் சில நாள் முன்னால் நீ அனுப்பிய குடும்பப் படத்துக்கு வருகிறேன். பூங்காவில் நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து எடுத்தது, என் முகத்துல கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி, கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பை எடுத்துட்டு பெரிசா பிரிண்ட் போட்டு அனுப்பும்மா என்று சொல்லியிருந்தாயே, அது. ஸ்டுடியோவில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை சிரிக்கிறார். வாயாடி விழுந்த முன்பல்லின் ஓட்டை தெரியச் சிரிக்கிறாள். சின்னவன் வாயில் பாதி பிஸ்கட்டோடு சிரிக்கிறான். நீ மட்டும் உதட்டை ஒட்டி வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவள் போல உட்கார்ந்திருக்கிறாய். உன் பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுத்த கதை ஞாபகம் இருக்கிறதா. வாயை மூடு என்றால் மூட மாட்டாய், நான் கேமராவுக்குப் பின்னால் போவதற்குள் கெக்கெக்கென்று ஆரம்பித்துவிடுவாய், உன்னைப் பார்த்து, வெளிச்சத்துக்கு வைக்கும் விளக்குக்குடையைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவும் சிரித்துக் குடையைச் சாய்ப்பார். இது அடையாள அட்டையா பற்பசை விளம்பரமா என்று கேட்டு உன் பள்ளியில் திருப்பி அனுப்பினார்கள். அந்த வாயா இப்படி மூடிக் கிடக்கிறது என்று வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிறேன், மூடிய வாயில் எத்தனை வகை என்று எனக்குத் தெரியாதா. கூச்சத்தில் மூடுகிறவர்கள் கண்ணையும் சேர்த்துத் தாழ்த்துவார்கள். பல் எடுப்பாக இருப்பவர்கள் மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் உதட்டை உள்ளே கடித்துக்கொள்வார்கள். பல்வலிக்காரர்கள் மட்டும்தான் ஒரு கன்னத்தைக் காவல் காப்பது மாதிரி அசையாமல் வைத்துக்கொண்டு மறு கன்னத்தால் சிரிப்பார்கள். நீ சிரித்தது இடது கன்னத்தால் மட்டும். அன்று சாயங்காலமே வீடியோவில் கூப்பிட்டேன். ரொட்டி தின்றுகொண்டிருந்தாய், கவளத்துக்குக் கவளம் இடது பக்கமே ஒதுக்கி மென்றாய். ஜில் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தாய், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். என்னடி, பல்லா என்று கேட்டேன். இல்லையே, நெட் ஸ்லோவா இருக்கு, முகம் அப்படித் தெரியுது என்றாய். நெட் ஸ்லோவானால் முகம் அப்படியே நிற்கும், கன்னம் வீங்காதடி.

அப்புறம் நீ பாத்திரம் கழுவப் போனாய், போனை வாயாடி கையில் கொடுத்துவிட்டுப் போனாய். அதுதான் நீ பண்ணின தப்பு. எனக்குத் துப்பறிய ஆள் வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அம்மா எனக்குத் தேய்ச்சு விடுவா பாட்டி, அப்புறம் தம்பியைக் காலுக்கு நடுவுல பிடிச்சு வெச்சு அவனுக்கும் தேய்ச்சு விடுவா, அப்புறம் கதை சொல்ல ஆரம்பிப்பா, எங்களுக்கு முன்னாடி அவ தூங்கிடுவா, கரடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு எங்களுக்கு இன்னும் தெரியாது, அம்மா பிரஷ்ஷை நான் தினம் தொட்டுப் பார்க்கிறேன், என்னோடது ஈரமா இருக்கும், தம்பியோடது ஈரமா இருக்கும், அம்மாவோடது காஞ்சே கெடக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நாள் முழுக்க மருந்துக் கடையில் நின்றுகொண்டு, எந்த பிரஷ் நல்லது, எப்போது மாற்ற வேண்டும், ராத்திரி தேய்க்காமல் படுக்கக் கூடாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நீ. ஊருக்குத்தாண்டி உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். வலி வந்தால் உன் கடை அலமாரியிலேயே ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். மாத்திரை வலியை அமுக்கும், ஓட்டையை அடைக்குமா. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பார். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கட்டும், அப்புறம் டாக்டரைப் பார்த்துக்கலாம் என்று அவரிடம் சொன்னாயாம். சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அதுவரைக்கும் உன் பல் பையை மாட்டிக்கொண்டு வாசலில் காத்துக்கொண்டு நிற்குமா.

இப்போது அண்ணன் கதையைச் சொல்கிறேன். கேட்டால் சிரிப்பு வரும், சிரித்தால் உனக்கு வலிக்கும், வலித்தால் என்னை நினைத்துக்கொள். ஸ்டுடியோவை ஒட்டிக் குடை ரிப்பேர்க் கடை இருந்த இடத்தில் ஒரு பல் டாக்டர் கிளினிக் திறந்திருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா. உன்னைவிடச் சின்னப் பெண், பேச்சு மட்டும் தலைமையாசிரியைப் பேச்சு, நாங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். திறப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து, வாசல்ல பெரிய போர்டு வைக்கணும்மா, நல்லா வாய் நிறையச் சிரிக்கிற படம் ஒண்ணு இருந்தா குடுங்க என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலில் அவனுக்குப் பரிசு கொடுத்த அன்று நான் எடுத்த படம் இருக்கிறதே, காது வரைக்கும் சிரித்துக்கொண்டு நிற்பானே, அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அந்தப் படத்தில் மேல்வரிசையில் வலது கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு இருந்தது. எடுத்தபோதே அண்ணன் பார்த்துவிட்டு, அம்மா அந்தக் கறுப்பை எடுத்துடு என்றான். எடுத்துவிட்டேன். இடது பக்கத்து நல்ல பல்லை நகலெடுத்து, திருப்பி, வலது பக்கத்தில் ஒட்டி, கொஞ்சம் வெளுப்பும் கொடுத்தேன். என் கைவேலையை நானே சொல்லக் கூடாது, அப்படி ஒரு வரிசை. வினை எங்கே வந்தது என்றால், படத்தில் கறுப்பு போனதும் வாயிலும் போய்விட்டதாக உன் அண்ணன் நினைத்துக்கொண்டான். கண்ணாடி பார்க்க நேரமில்லாதவன், கூடத்தில் மாட்டிய படத்தைப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொண்டான். ஸ்டுடியோக்காரி பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் வரும் வியாதி இது. நீதானே அழிச்சே என்று அப்பா என்னையே சொல்கிறார். நான் படத்தில் இருந்ததை அழித்தேன், அவன் பல் தேய்ப்பதை நானா நிறுத்தினேன்.

பிள்ளைகள் விஷயத்தில் அவனைக் குறை சொல்ல வாயில்லை. சாப்பாடு முடிந்ததும் நண்டையும் சிண்டையும் பாத்ரூமில் ஸ்டூல் போட்டு ஏற்றி, புலி மாதிரி வாயைத் திற, முதலை மாதிரி வாயைத் திற என்று ஒரு மிருகக்காட்சி சாலையே நடத்துவான். இரண்டுக்கும் பல் பளிங்கு. அது முடிந்ததும் என்ன செய்வான் தெரியுமா. நண்டு கடித்து வைத்த பிஸ்கட், சிண்டு நக்கிவிட்டு வேண்டாம் என்ற சாக்லெட், டம்ளர் அடியில் தங்கின பாலும் சர்க்கரையும், எதையும் வீணாக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் வாயில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்வான். சாய்ந்தவன் சாய்ந்தவன்தான், காலையில்தான் எழுந்திருப்பான். அண்ணி மட்டும் என்ன வாழ்ந்தாள், துணி மடித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து நின்றபடிக்குத் தூங்குகிறவள். ஜில் தண்ணி பட்டா பல் சுருக்குங்குது என்று ஒரு நாள் அண்ணன் சொன்னான். மறுநாளிலிருந்து வெந்நீர் குடிக்க ஆரம்பித்தான், அதுதான் அவன் கண்டுபிடித்த வைத்தியம். கொஞ்ச நாளில் ஒரு பக்கமே மென்றான். அதற்கப்புறம் மாத்திரை. நீ இப்போது எந்தப் படியில் நிற்கிறாய் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஒரு பெண்ணுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது பல் ஒரு குத்துக் குத்தியிருக்கிறது. இவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறியிருக்கிறான். யார் மேலோ காரை ஏற்றிவிட்டோம் என்று அந்தப் பெண் நடுத்தெருவில் பிரேக்கை மிதித்து, ஸ்டீரிங்கை விட்டுவிட்டு, இவனுக்கு மேல் அலறியிருக்கிறாள். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் திட்டுவதற்கென்றே இறங்கி வந்தவர், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்க மொதல்ல டாக்டரைப் பாருங்க சார், அப்புறம் திட்டிக்கறேன் என்று போய்விட்டாராம். அப்போதும் இவன் டாக்டரிடம் போகவில்லை, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு, சரியாப் போச்சு என்று மறுநாளும் வேலைக்குப் போனான். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காலையில் கன்னம் பன்னு மாதிரி உப்பிக் கண்ணே தெரியவில்லை. அண்ணி தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டி, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தாள். உள்ளே இடமில்லை, வாசலில் போர்டுக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேலேயும் அவன், கீழேயும் அவன். மேலே இருப்பவன் காது வரைக்கும் சிரிக்கிறான், கீழே இருப்பவன் துண்டுக்குள் முனகுகிறான். வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி மேலே பார்த்தார். ஏன் தம்பி, இவர் உங்க கூடப் பொறந்தவரா என்று கேட்டார். அண்ணன் துண்டை இழுத்து முகத்தை இன்னும் மூடிக்கொண்டான். நண்டு சும்மா இருப்பாளா, ரெண்டும் எங்கப்பாதான், மேல இருக்கறது எங்க பாட்டி செஞ்ச பல்லு, கீழ இருக்கறதுதான் அப்பாவோட பல்லு என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கம் சொன்னாள். வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து போயே போய்விட்டார்கள்.

டாக்டரம்மா அவன் வாய்க்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஏம்மா, வாசல்ல வெச்சிருக்கற பல்லு எங்கே, இங்க வேற என்னமோ இருக்கே என்று கேட்டாள். மானம் கப்பலேறிவிட்டது எனக்கு. வெளிச்சம் சரியில்லாத அன்னிக்கு எடுத்தது, கொஞ்சம் டச்சிங் பண்ணினேன் என்றேன். கொஞ்சமா என்று கேட்டாள். அப்புறம் அண்ணனைப் பார்த்து, ஜில்லுனு கூச ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா சின்னதா அடைச்சு விட்டிருப்பேன், பத்து நிமிஷ வேலை, இப்ப வேர் வரைக்கும் போயாச்சு, பல்லே ரெண்டாப் பிளந்து கெடக்கு, எடுக்கறதைத் தவிர வழி இல்லை என்றாள். அண்ணன் அழுதுவிட்டான். வலியில் இல்லை, நண்டும் சிண்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற வெட்கத்தில். வீக்கம் வடிய மருந்து கொடுத்து, போன புதன்கிழமை பல்லை எடுத்துவிட்டாள். வியாழக்கிழமை காலையில் கிளினிக் வாசலில் ஒரே கூட்டம். என்னவென்று பார்த்தால், நண்டு நாற்காலி மேல் ஏறி நின்று, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் போர்டில் அண்ணனுடைய அந்தப் பல்லை முழுக்கக் கறுப்பாக்கி வைத்திருக்கிறாள். ஏண்டி இப்படிப் பண்ணினே என்று அண்ணி கையை ஓங்கினாள். அப்பாவுக்கு இப்ப அங்க பல்லு இல்லையே, பாட்டி தப்பாப் போட்டிருந்தா, நான் சரி பண்ணினேன் என்று சொல்கிறாள். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். போர்டைக் கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன், கழற்றவில்லை. அதன் கீழே பெரிய எழுத்தில், பிள்ளைகளுக்குத் தேய்த்துவிட்டீர்கள், உங்களுக்கு? என்று எழுதி ஒட்டிவிட்டாள். இப்போது இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்ததும் நடையைக் குறைக்கிறார்கள், நாக்கால் தங்கள் பல்லைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள், பாதிப் பேர் உள்ளே போகிறார்கள். அண்ணன்தான் ஒரு வாரமாக அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறான்.

டாக்டரம்மா சொன்னதில் உனக்கு வேண்டியதை எழுதுகிறேன், மருந்துக் கடைக்காரிக்குத் தெரியாதா என்று தாண்டிப் போகாதே, தெரிந்ததைத்தான் நாம் யாரும் செய்வதில்லை. அவளிடம் வருகிற சின்னப் பிள்ளைக்காரர்கள் எல்லோருக்கும் இதே கதைதானாம், பிள்ளைகள் பல் முத்து, அப்பா அம்மா பல் குப்பைத் தொட்டி. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு அப்புறம் தேய்த்துக்கொள்கிறேன் என்பதுதான் முதல் பொய்யாம், அந்த அப்புறம் வரவே வராதாம். அதனால் அவர்களோடு சேர்ந்து நின்று அதே நேரத்தில் நீயும் தேய்க்க வேண்டும், ஒரு கை உன் வாயில், ஒரு கை சின்னவன் வாயில் என்றாலும் பரவாயில்லை, அப்புறம் நீ உன்னுடையதை முடித்துவிட்டு அவர்கள் விட்ட இடுக்கைப் பார்த்துத் தேய்த்துவிடு. மூன்று பிரஷ்ஷும் ஒரே டம்ளரில் இருக்கட்டும், உன்னுடையது மட்டும் மேல் அலமாரியில் தவம் பண்ண வேண்டாம். தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் போகக் கூடாது, பிள்ளைகள் மிச்சம் வைத்த பிஸ்கட்டுக்கு நீ குப்பைக்கூடை இல்லை. டாக்டரிடம் பிள்ளைகளுக்கு நாள் கேட்கும்போது உனக்கும் சேர்த்தே கேள், அவர்கள் நாற்காலியில் ஏறி இறங்குவதைப் பார்க்கிற நேரத்தில் நீயும் ஏறி இறங்கிவிடலாம், பிள்ளைகளை எங்கே விடுவது என்ற கேள்வியே இல்லை. இன்னொன்று, இதை நன்றாகக் கேள். சின்னவனுக்கு ஊட்டும்போது சூடு பார்க்கிறேன் என்று ஸ்பூனை உன் வாயில் வைத்துவிட்டு அவன் வாயில் வைக்கிறாயே, வீடியோவில் நானே பார்த்திருக்கிறேன், அதில் உன் சொத்தைப் பல்லின் கிருமி அவன் வாய்க்குப் போகுமாம். உனக்காகத்தான் போக மாட்டாய், அவனுக்காகவாவது போவாய் என்பதற்காகத்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

உனக்கு நேரமில்லை என்று எனக்குத் தெரியும். கடையில் நின்று கால் வீங்கி வருகிறாய், வந்ததும் இரண்டு பேரையும் குளிப்பாட்டி, ஊட்டி, தேய்த்து, கதை சொல்லி, அந்தக் கரடி வீட்டுக்குப் போகுமுன் நீ விழுந்துவிடுகிறாய். அதற்காக உன்னை நான் திட்டவில்லை, திட்டினாலும் அது பாசத்தில் திட்டுவதுதான். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறதடி. நான் பக்கத்தில் இருந்தால் கன்னத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைப்பேன், இங்கிருந்து என் கை எட்டாது. எட்டாத கைக்கு ஒரு சின்னக் கை கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். என்ன பண்ணினேன் என்று சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. நீ பாத்திரம் கழுவப் போன அன்று போனில் வாயாடியிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். அம்மா முதலில் தன் வாயைத் திறந்து, உன் கண் முன்னால் தேய்த்து, வலிக்கிற பல்லைக் காட்டி, டாக்டரிடம் எப்போது போகிறேன் என்று சொல்கிற வரைக்கும் அவள் பிரஷ்ஷைக் கொண்டுவந்தால் வாயைத் திறக்காதே, அப்பா கொண்டுவந்தால் திற, அவர் உன்னோடு நின்று தேய்க்கிறவர் என்று சொல்லி வைத்தேன். அதனால்தான் உனக்கு மட்டும் பூட்டு. வாயாடியாவது ரகசியம் காப்பதாவது, பத்து நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும் என்று அப்பா சொன்னார். அவள் வேலையே வாயைத் திறக்காமல் இருப்பதுதான் என்பதால் ரகசியமும் உள்ளேயே இருந்துவிட்டது. என் பேத்தி என்பது வீண் போகவில்லை. நீ என்ன பாவம் பண்ணினாய் என்று கேட்டாயே, அவள் உன்மேல் கோபமாக இல்லை கண்ணு, உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

உன் குடும்பப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். டச்சிங் பண்ணவில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு, ஒரு பக்கக் கன்னம், ஒட்டிய உதடு எல்லாம் இருந்தபடியே இருக்கிறது. அண்ணன் படத்தில் ஒரு தடவை சரி பண்ணிப் பார்த்தாகிவிட்டது, இனி பிள்ளைகள் முகத்தில் நான் கை வைப்பதாக இல்லை. பல்லைப் பார்த்துவிட்டு வந்த பிறகு வாயாடி கையில் போனைக் கொடுத்து உன்னை ஒரு படம் எடுக்கச் சொல், கோணலாக எடுத்தாலும் பரவாயில்லை, வாயைத் திறந்து சிரி. அதைத்தான் கூடத்தில் மாட்டப் போகிறேன், அண்ணன் படத்தை அவனே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டான். அப்பா ஒரு வரி எழுதச் சொல்கிறார், அவருடைய பல் செட் சாப்பிடுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனால் வாயாடி போனில் ஜோக் சொன்னால் சிரிக்கும்போது கழன்று மேசையில் விழுகிறதாம், சொந்தப் பல்லால் சிரிப்பதற்கு ஈடு இல்லை என்று எழுது என்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், வாய் நிறையப் பல்லும் வீடு நிறையச் சிரிப்புமாக நீடூழி இருக்க வேண்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், சின்னவனுக்கு முத்தம் கொடு, ஸ்பூனை மட்டும் தனியாக வை. மறந்துவிடாதே, கடிதம் கிடைத்த அன்றே ராத்திரி கதைக்கு முன்னால் வாயாடி முன் போய் முதலில் நீ வாயைத் திற. அவள் உன் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ண வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நீளமாக ஒன்றும் சொல்ல வேண்டாம், ஈரம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருக்கிறேன்.

அந்த ஒரு வார்த்தைக்காகப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா